சோலார் பாட்டரிக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்!

வெயிலில் சேர்த்த மின்சாரத்தைப் பத்திரமாக உள்ளே விடவும், தேவையானபோது அளவோடு வெளியே எடுக்கவும் உதவும் 'இருவழி கன்வெர்ட்டர்' - சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே வேலை தொடங்கிவிடும். செங்கம் சாலையில் கிரிவலம் வருபவர்களின் காலடி ஓசை கேட்கும் நேரத்தில், மாட்டுக் கொட்டகைகளில் விளக்கு எரியும். அந்தச் சாலையை ஒட்டியும், மலையைச் சுற்றி அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கமும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தோடு இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. டீக்கடைக்கும் வீடுகளுக்கும் பால் போய்ச் சேர வேண்டிய அந்த நேரத்தில் கரண்ட் இல்லையென்றால், செல்போன் வெளிச்சத்தில்தான் மடி கழுவ வேண்டும்.

இப்படிப்பட்ட வீடுகளில் சோலார் பேனல் இப்போது புதிதல்ல. தமிழக அரசு 2011-12-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தி பசுமை வீடு திட்டம், கூரைமேல் பேனல் என்பதைக் கிராமத்து மக்களுக்குப் பழக்கப்படுத்தியது. ஆனால், சோலார் வைத்தவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்ப வரும். 'பேனல் அப்படியே இருக்குதுங்க. பாட்டரிதான் ரெண்டு வருஷத்துல உட்கார்ந்துடுச்சு.'

பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும். நன்றாகப் பராமரித்த டியூபுலர் பாட்டரி 5 ஆண்டுகளைத் தாண்டும். பிறகு ஏன் இரண்டே ஆண்டில் போகிறது? பெரும்பாலும் பாட்டரி தானாகச் சாவதில்லை. அளவுக்கு மீறி ஊட்டியோ, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியோ நாம்தான் அதைக் கொன்றுவிடுகிறோம். இந்த இரண்டையும் தடுக்க வேண்டிய வேலை, பேனலுக்கும் பாட்டரிக்கும் வீட்டு ஒயருக்கும் நடுவில் சுவரில் தொங்குகிற பெட்டியுடையது. வாங்கும்போது யாரும் விசாரிக்காத பெட்டியும் அதுதான்.

கரண்ட் போனாலும் டெலிபோன் ஒலித்தது ஏன்?

ஊரெல்லாம் இருட்டாக இருந்தாலும் பழைய தரைவழி டெலிபோன் மட்டும் வேலை செய்தது நினைவிருக்கலாம். அதற்குக் காரணம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கியிருந்த பாட்டரிகள். அவை 48 வோல்ட் நேர்மின்சாரத்தை, அதாவது டி.சி. மின்சாரத்தைக் கொடுத்தன. நம் வீட்டுக்கு மின்வாரியம் தருவது ஏ.சி. மின்சாரம். அதைச் சேமித்து வைக்க முடியாது. பாட்டரியில் நிற்பது டி.சி. மட்டும்தான்.

சோலார் பேனல் தருவதும் டி.சி.தான். எல்.இ.டி. விளக்கின் உள்ளே எரிவது, செல்போனில் ஏறுவது, புதிதாக வந்திருக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்குள் ஓடுவது எல்லாம் டி.சி.தான். ஆனாலும் வழக்கமான ஏற்பாட்டில் பேனலின் டி.சி.யை இன்வெர்ட்டர் ஏ.சி. ஆக்குகிறது. பிறகு சார்ஜரும் விளக்கும் அதே ஏ.சி.யை மறுபடி டி.சி. ஆக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வெப்பமாகப் போகிறது. போதாக்குறைக்கு, எதுவுமே ஓடாதபோதும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை தானே தின்றுகொண்டிருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 240 முதல் 480 வாட்-மணி. ஒரு சிறு குடும்பத்தின் இரவுத் தேவையில் பாதி இப்படியே போய்விடும்.

இதைத் தவிர்க்கத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், வீட்டுக்குள் 48 வோல்ட் டி.சி. லைன் ஓட்டும் முறையை உருவாக்கினார்கள். ராஜஸ்தானில் ஜோத்பூர், ஜெய்சால்மர் மாவட்டங்களின் பாலைவனப் பகுதியில், மின்கம்பி போகாத சுமார் 4,000 வீடுகளுக்கு இந்த முறையில் வெளிச்சம் வந்தது. ஒரு வீட்டுக்கு 125 வாட் பேனல், ஒரு யூனிட் அளவு கொள்ளும் பாட்டரி, விளக்குகள், ஒரு மின்விசிறி, செல்போன் சார்ஜர். இன்வெர்ட்டர் கிடையாது. மிகச் சிறிய பேனலே போதுமானதாக இருந்ததற்கு, வீணாகும் இடங்களை அடைத்ததே முக்கியக் காரணம்.

ஏரியும் வாய்க்காலும்

இருவழி கன்வெர்ட்டர் என்றால் என்ன? நம் ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்.

வீட்டுக்குள் ஓடும் 48 வோல்ட் லைனை வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். விளக்கும் மின்விசிறியும் அந்த வாய்க்காலில் பாயும் வயல்கள். பேனல் என்பது மழை. பாட்டரிதான் ஏரி. வாய்க்காலில் நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஏறினால் கரை உடையும், இறங்கினால் கடைமடைக்குப் பாயாது. மின்சாரத்தில் நீர்மட்டம் என்பதுதான் வோல்ட்.

மழை அதிகமாக வந்து வாய்க்கால் நிரம்பினால், மிச்சத்தை ஏரிக்குத் திருப்பிவிட வேண்டும். மழை நின்றுவிட்டால் ஏரியிலிருந்து வாய்க்காலுக்கு எடுத்துவிட வேண்டும். ஊரில் இந்த வேலையைப் பார்ப்பவர் நீர்க்கட்டி. சோலார் வீட்டில் பார்ப்பது இருவழி கன்வெர்ட்டர். ஒரே பெட்டி, மின்சாரத்தை உள்ளேயும் விடும், வெளியேயும் எடுக்கும் என்பதால்தான் 'இருவழி'.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளை இணைத்தால் கிடைப்பது 24 வோல்ட். லைனோ 48 வோல்ட். அதாவது, வாய்க்கால் மேட்டில் ஓடுகிறது, ஏரி பள்ளத்தில் கிடக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விடுவது மதகைத் திறக்கும் வேலை. பள்ளத்திலிருந்து மேட்டுக்குக் கொண்டுவருவது ஏற்றம் இறைக்கும் வேலை. கன்வெர்ட்டர் இரண்டையும் செய்கிறது. சார்ஜ் ஆகும்போது வோல்ட்டைக் குறைக்கிறது. பாட்டரியிலிருந்து எடுக்கும்போது கூட்டுகிறது.

உள்ளே நடப்பது என்ன?

பெட்டியைத் திறந்தால் முக்கியமாக இருப்பது, செம்புக் கம்பி சுற்றிய ஒரு சுருள், இரண்டு மின்னணு சுவிட்சுகள், சில கெபாசிட்டர்கள், எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் ஒரு சின்ன சிப்.

இறக்குவது எப்படி? 48 வோல்ட்டை ஒரு சுவிட்ச் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து திறந்து மூடுகிறது. பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினால் சராசரியாக 24 வோல்ட் வரும். கால்வாசி நேரம் மட்டும் திறந்தால் 12 வோல்ட். நடுவில் இருக்கும் சுருளும் கெபாசிட்டரும் அந்தத் துடிப்பைச் சமப்படுத்தி, பாட்டரிக்கு ஒரே சீராக அனுப்புகின்றன.

ஏற்றுவது எப்படி? மோட்டார் ஓடும்போது கேட்வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் 'தட்' என்று அதிரும். ஓடிவந்த தண்ணீருக்கு நிற்க மனமில்லாமல் அழுத்தம் எகிறுவதால் வருவது அது. சுருளில் ஓடும் மின்சாரமும் அப்படித்தான். முதலில் ஒரு சுவிட்சைத் திறந்து பாட்டரியின் மின்சாரத்தைச் சுருளில் வேகமாக ஓடவிடுவார்கள். பிறகு அந்த வழியை அடைத்தால், சுருள் தன் வேகத்தை விடாமல், பாட்டரியின் 24 வோல்ட்டோடு தன் பங்கையும் சேர்த்து 48 வோல்ட் லைனுக்குள் தள்ளிவிடும்.

இரண்டு சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் லைன் நேராக ஷார்ட் ஆகி, கண் இமைக்கும் முன் பெட்டி கருகிவிடும். அதனால் ஒன்று முழுவதும் மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும் என்று நடுவில் மிகச் சிறிய இடைவெளி விடப்படுகிறது. விலை குறைந்த, பெயர் தெரியாத பெட்டிகள் பல முதல் கோடையிலேயே கருகுவதற்கு, வெப்பம் தாங்காத சுவிட்சுகளும் இதுபோன்ற பாதுகாப்பில் செய்த சிக்கனமும் காரணங்கள்.

பதறாத கை வேண்டும்

கட்டுப்பாடுதான் இதில் உயிர். நல்ல நீர்க்கட்டிக்கு இரண்டு திறமை வேண்டும். கண் வாய்க்கால் மட்டத்தின்மேல் இருக்க வேண்டும். கை மதகின்மேல் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரிலும் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு. வெளி அடுக்கு, லைன் 48 வோல்ட்டில் நிற்கிறதா என்று நிதானமாகப் பார்த்து, 'இவ்வளவு ஆம்பியர் விடு' என்று உத்தரவு போடும். உள் அடுக்கு, அந்த ஆம்பியரை வேகமாகவும் துல்லியமாகவும் நிறைவேற்றும். கை வேகமாகவும் கண் நிதானமாகவும் இருந்தால்தான் மட்டம் நிற்கும். இரண்டும் ஒரே வேகத்தில் பதறினால் மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடும். வீட்டில் அது விளக்கு மினுக்குவதாக, மின்விசிறி வேகம் கூடிக் குறைவதாகத் தெரியும்.

அதிலும் பாட்டரியிலிருந்து எடுக்கும்போது கூடுதல் நிதானம் தேவை. ஏற்றத்தில் அதிகத் தண்ணீர் வேண்டுமென்றால் சாலை ஆழமாக இறக்க வேண்டும். ஆனால், சால் கீழே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. 'குறைகிறதே' என்று பதறி இன்னும் ஆழமாக இறக்கினால் நிலைமை மோசமாகும். கன்வெர்ட்டரிலும் இதேதான். சுருளில் அதிகம் சேர்க்க நேரம் எடுத்தால் லைனுக்குப் போவது முதலில் கொஞ்சம் குறைந்து, பிறகுதான் கூடும். இது தெரிந்து வடிவமைத்த பெட்டி அவசரப்படாது.

ஒரு நாள் பொழுதை எண்ணிக்கையில் பார்ப்போம். உச்சிவேளையில் பேனல் 250 வாட் தருகிறது, வீட்டில் 60 வாட் ஓடுகிறது என்றால் மிச்சம் 190 வாட். லைன் வோல்ட் ஏற முயலும். கன்வெர்ட்டர் அதைப் பார்த்துச் சுமார் 7 ஆம்பியரைப் பாட்டரிக்கு அனுப்பும். திடீரென்று மேகம் மறைத்துப் பேனல் 40 வாட்டுக்கு இறங்குகிறது. இப்போது 20 வாட் பற்றாக்குறை. கன்வெர்ட்டர் திசையை மாற்றிப் பாட்டரியிலிருந்து ஒரு ஆம்பியருக்கும் குறைவாக எடுத்துக் கொடுக்கும். மின்விசிறிக்கு மேகம் வந்ததே தெரியாது. பாட்டரி முழுவதும் நிரம்பிவிட்டால்? ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் போவதுபோல, இங்கே பேனலிலிருந்து எடுப்பதையே குறைத்துவிட வேண்டும். அதையும் இந்தக் கட்டுப்பாடுதான் சொல்லும்.

பாட்டரியின் வாய்க்கும் வயிற்றுக்கும் அளவு

மாட்டுக்குத் தீவனத்தில் அளவு இருப்பதுபோலப் பாட்டரிக்கும் உண்டு. லெட்-ஆசிட் வகை 12 வோல்ட் டியூபுலர் பாட்டரிக்குப் பொதுவாகப் பொருந்தும் அளவுகள் இவை. பாட்டரி நிறுவனம் தரும் அட்டவணை வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

சார்ஜ் ஏறும் வேகம்: கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 10 ஆம்பியர். 

உச்ச வோல்ட்: சுமார் 14.4. அதைத் தொட்ட பிறகு நிறைந்த நிலையில் வைத்திருக்க 13.5 முதல் 13.8 வரை.

நிறுத்த வேண்டிய வோல்ட்: நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் 11.6 முதல் 11.8-க்குள் வெளியே எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். மறுபடி 12.6-ஐத் தாண்டிய பிறகே திறக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விளக்கு அணைவதும் எரிவதுமாகவே இருக்கும்.

எடுக்கும் அளவு: தினமும் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது.

இந்த அளவுகள் 25 டிகிரி வெப்பத்துக்கு உரியவை. திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது அதே 14.4 வோல்ட் கொடுத்தால் பாட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிவிடும். 40 டிகிரியில் சுமார் 14.0 போதும். நல்ல பெட்டியில் பாட்டரியின்மேல் ஒட்டும் ஒரு வெப்ப உணரி வரும். அது இந்தக் குறைப்பைத் தானே செய்துகொள்ளும். அந்தச் சின்ன ஒயரை 'எதற்கு இது' என்று சுருட்டி ஓரமாக வைத்துவிடும் வீடுகள் ஏராளம். 10 டிகிரி வெப்பம் கூடினால் லெட்-ஆசிட் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதை நினைவில் வைத்தால், அந்த ஒயரின் மதிப்பு புரியும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு அளவே வேறு. ஒரு செல்லுக்கு 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 2.5-க்குக் கீழே இறக்கக் கூடாது. இதில் 80 சதவிகிதம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம், தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால், லெட்-ஆசிட்டுக்கு வைத்த அமைப்பிலேயே லித்தியத்தை மாட்டிவிடக் கூடாது. பெட்டியில் பாட்டரி வகையை மாற்றிய பிறகே இணைக்க வேண்டும்.

மூன்று மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

ரமணாசிரமம் பகுதியில் மூன்று கறவை மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

பி.எல்.டி.சி. மின்விசிறி 2 (தலா 30 வாட், 10 மணி நேரம்): 600 வாட்-மணி
வீட்டு எல்.இ.டி. விளக்கு 5 (தலா 9 வாட், 5 மணி நேரம்): 225 வாட்-மணி
கொட்டகை விளக்கு 2 (தலா 9 வாட், 3 மணி நேரம்): 54 வாட்-மணி
செல்போன் 2: சுமார் 30 வாட்-மணி

மொத்தம் ஏறக்குறைய 900 வாட்-மணி. ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இதில் இரவில் பாட்டரியிலிருந்து வேண்டியது சுமார் 700.

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைக்கிறது. தூசி, வெப்பம், மாற்றத்தில் வரும் இழப்பு எல்லாம் போகப் பார்த்தால் சுமார் 260 வாட் பேனல் வேண்டும். 335 வாட் பேனல் ஒன்று வைத்தால் மேகமூட்டத்துக்கும் இடம் இருக்கும். பாட்டரிக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி டியூபுலர் இரண்டு போதும். இரண்டும் சேர்ந்து 2,400 வாட்-மணி கொள்ளும். அதில் பாதி 1,200. அன்றாட இரவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் காலியாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் வராத மறுநாள் இரவையும் சிக்கனமாக இருந்தால் தாண்டிவிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போனதை இந்தப் பகுதி மறக்காது. அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு விளக்கும், உயிருள்ள ஒரு செல்போனும் ஆடம்பரமல்ல.

இதே வீட்டில் பழைய 75 வாட் மின்விசிறி இரண்டு ஓடினால் அவற்றுக்கு மட்டுமே 1,500 வாட்-மணி வேண்டும். பாட்டரியைப் பெரிதாக்குவதைவிட மின்விசிறியை மாற்றுவதுதான் மலிவு. முதல் செலவு அங்கேதான் செய்ய வேண்டும்.

கொட்டகை தூரமும் முக்கியம். வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் கொட்டகைக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 50 வாட் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அனுப்பினால் போகும் வழியிலேயே சுமார் 3 வோல்ட், அதாவது கால்வாசி குறைந்துவிடும். 48 வோல்ட்டில் அனுப்பினால் முக்கால் வோல்ட்தான் குறையும். லைனுக்கு 48 வோல்ட் என்றும், பாட்டரிக்கு 24 வோல்ட் என்றும் வைத்து நடுவில் இருவழி கன்வெர்ட்டரை வைப்பதன் லாபம் இதில் நேரடியாகத் தெரியும். நான்கு பாட்டரிகளை வரிசையாக இணைத்தால் அதில் ஒன்று சொத்தையானாலும் மொத்தமும் படுத்துவிடும். இரண்டே என்றால் கண்காணிப்பது எளிது.

பம்புசெட்டுக்குப் பாட்டரி வேண்டாம்

'இதையே வைத்து இரவில் மோட்டார் ஓட்டலாமா?' என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு இடம் கொடுக்காது. 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட, இழப்பையும் சேர்த்து நான்கரை யூனிட் வரை வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் பாதி எடுத்தால் கிடைப்பது 0.9 யூனிட். ஒரு மணி நேரப் பாசனத்துக்கே ஐந்து பாட்டரிகள் வேண்டும்.

அதனால்தான் 2019-ல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில், வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் அமைக்கப்படும் தனித்த சோலார் பம்புசெட்டுகளுக்குப் பாட்டரி கிடையாது. வெயில் இருக்கும்போது ஓடும், இல்லாதபோது நிற்கும். தொட்டி கட்டிப் பகலில் இறைத்த தண்ணீரை மாலையில் சொட்டுநீருக்கு விடுவதுதான் சரியான வழி. விவசாயிக்குத் தண்ணீர்த் தொட்டியைவிட மலிவான பாட்டரி வேறில்லை. தேய்மானமும் கிடையாது.

பொதுவாகவே, வெயில் இருக்கும்போதே செலவழிப்பது நல்லது. கன்வெர்ட்டர் வழியாக உள்ளே போய், பாட்டரியில் தங்கி, மறுபடி வெளியே வரும் 100 வாட்-மணியில், லெட்-ஆசிட் என்றால் 75 அளவுதான் திரும்பக் கையில் கிடைக்கும். செல்போன் சார்ஜ், டார்ச் சார்ஜ், ஸ்பிரேயர் பாட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் பகலிலேயே முடித்துவிட வேண்டும்.

கரூர் வரை வந்த இருவழிப் பாதை

இந்தத் தொழில்நுட்பம் கொட்டகை விளக்குக்கு மட்டும் உரியதல்ல. மின்சார ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் வேகம் மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்புகிறதே, அதுவும் இருவழிக் கட்டுப்பாடுதான். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோ வோல்ட் டி.சி. உயரழுத்தப் பாதை ஒன்று 2020, 2021-ம் ஆண்டுகளில் கட்டங்கட்டமாகச் செயல்பாட்டுக்கு வந்தது. 6,000 மெகாவாட் திறன் கொண்டது. நமக்குத் தட்டுப்பாடு வரும்போது வடக்கிலிருந்து இங்கே வரும். ஆடிக் காற்றில் இங்கே காற்றாலை மின்சாரம் மிஞ்சினால் இங்கிருந்து அங்கே போகும். கருவிகள் வேறு, அளவு பல லட்சம் மடங்கு பெரிது. ஆனாலும் மிஞ்சியதை அனுப்பு, குறைந்தால் எடு என்ற நீர்க்கட்டியின் கணக்கு ஒன்றுதான்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

1. இந்தப் பெட்டியில் பாட்டரி வகையைத் தேர்வு செய்ய முடியுமா? லெட்-ஆசிட், லித்தியம் இரண்டுக்கும் தனி அமைப்பு உண்டா?

2. அதிகபட்ச சார்ஜ் ஆம்பியரை நாமே குறைத்து வைக்க முடியுமா?

3. வெளியே எடுப்பதை நிறுத்தும் வோல்ட், மறுபடி திறக்கும் வோல்ட் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா?

4. வெப்ப உணரி கூடவே வருகிறதா?

5. பழுது பார்க்கத் திருவண்ணாமலையிலோ வேலூரிலோ ஆள் உண்டா? உத்தரவாதத்தை எழுதித் தருவார்களா?

கடையில் 'ஹைப்ரிட் இன்வெர்ட்டர்' என்று விற்பவற்றிலும் உள்ளே இருவழி கன்வெர்ட்டர்தான் இருக்கிறது. அவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 'எல்லாம் ஆட்டோமேட்டிக்' என்ற பதிலோடு திரும்பிவிடாமல், அளவுகளைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது கவனம்

டி.சி. லைனுக்கு ஏ.சி. சுவிட்ச் போடக் கூடாது. ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்தப் பொறி அணையாமல் நீண்டு எரியும். டி.சி. என்று அச்சிட்ட எம்.சி.பி., ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும். பாட்டரிக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

பெரும்பாலான பெட்டிகளில் முதலில் பாட்டரியை இணைத்து, பிறகுதான் பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பாட்டரி. சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மாறக் கூடாது.

சார்ஜ் ஆகும் லெட்-ஆசிட் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கக் கூடியது. வைக்கோல் போர் பக்கத்திலும், அடுப்படியிலும், காற்றில்லாத அறையிலும் பாட்டரியை வைக்கக் கூடாது. மாட்டுக் கொட்டகைக்குள்ளும் வேண்டாம். மூத்திர ஆவி பட்டு முனைகள் பச்சை பூத்து அரித்துவிடும். நிழலான, காற்றோட்டமான திண்ணை ஓரம் போதும்.

மாதம் ஒருமுறை முனைகளைத் துடைத்து வாசலின் தடவ வேண்டும். மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. வாரம் ஒருமுறை காலையில் விடியும் முன் ஒரு மல்ட்டிமீட்டரில் வோல்ட் பார்த்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதிவைத்தால், பாட்டரி சோர்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 காட்டினால் பாதி.

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*வீட்டுக் கூரையில் மானியத்தில் சோலார் போட்டிருக்கிறோம். மின்வாரியக் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. பழுதா?*

பழுதில்லை. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம்போல மின்வாரிய லைனோடு இணைத்த அமைப்புகள், லைனில் கரண்ட் இல்லாதபோது தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பாட்டரியும் அதற்கேற்ற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும்.

*மாலையில் மின்விசிறி வேகம் கூடிக் கூடிக் குறைகிறது. என்ன செய்வது?*

முதலில் பாட்டரி முனைகளும் ஒயர் இணைப்புகளும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேதான் இருக்கும். இணைப்பு சரியாக இருந்தும் தொடர்ந்தால், நிறுத்தும் வோல்ட்டும் திறக்கும் வோல்ட்டும் மிக நெருக்கமாக இருக்கலாம் அல்லது பாட்டரி பலவீனமாகியிருக்கலாம். அளவுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

*பழைய பாட்டரி ஒன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்து இணைக்கலாமா?*

கூடாது. கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே ஏரில் பூட்டுவதுபோலாகும். பழையது சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். கன்வெர்ட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறது என்பதால் புதியதும் கெடும். ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே வயது உள்ளவற்றையே இணைக்க வேண்டும்.

*கெட்டுப்போன பாட்டரியை என்ன செய்வது?*

உடைத்து ஆசிட்டை மண்ணில் ஊற்றாதீர்கள். ஈயம் கிணற்றுக்கும் தீவனத்துக்கும் போய்ச் சேரும். 2022-ல் வந்த பாட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் எடைக்கு விலையும் கழித்துக்கொள்வார்கள்.

பாட்டரிக்கு 20,000, 30,000 ரூபாய் என்று செலவழிக்கும் குடும்பத்துக்கு அது ஒரு மாட்டின் பாதி விலை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. சுவரில் தொங்கப்போகும் பெட்டியையும் அப்படிப் பார்த்து வாங்கி, அளவுகளைச் சரியாக வைத்துவிட்டால், விடியற்காலைக் கறவைக்கு விளக்கு தவறாமல் எரியும்.